டூசானில் வீட்டுத் தோட்டம்: மேட்டுப்பாத்தி வேண்டாம், பள்ளம் தோண்டுங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசானுக்குக் குடிவந்த முதல் வருடம் நான் செய்த தவறை நீங்களும் செய்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பலகை அடித்து ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, அதில் தக்காளி வைத்தேன். மே மாதம் வரை நன்றாகத்தான் இருந்தது. ஜூன் பிறந்ததும் பலகை நாலு பக்கமும் வெயில் வாங்கிச் சூடேற, காலையில் விட்ட தண்ணீர் மதியத்துக்குள் வற்றிப்போய், செடிகள் வேரோடு வெந்துவிட்டன. மேட்டுப்பாத்தி என்பது தண்ணீர் தேங்குகிற ஊருக்கு ஏற்றது. டூசானில் வருடத்துக்குச் சுமார் 11 அங்குல மழைதான், சென்னையில் பெய்வதில் ஐந்தில் ஒரு பங்கு. இங்கே தண்ணீர் தேடி வருகிற இடத்தில்தான் செடி இருக்க வேண்டும்.

அதனால் பள்ளப்பாத்தி. பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவின் ஸூனி பழங்குடி மக்கள் சிறு சிறு சதுரக் குழிகளாக எடுத்து, சுற்றிலும் மண்வரப்பு கட்டிப் பயிர் செய்தவர்கள். அதையே வீட்டளவில் செய்யலாம். ஓர் அடி ஆழம் தோண்டி, எடுத்த மண்ணில் பாதியை மக்கு உரத்தோடு கலந்து திரும்பப் போடுங்கள். பாத்தியின் மேல்பரப்பு தரைமட்டத்திலிருந்து நாலைந்து அங்குலம் கீழே நிற்க வேண்டும். மிச்ச மண்தான் வரப்பு. தோண்டும்போது கடப்பாரை பட்டுத் தெறிக்கிற வெள்ளைப் படிவம் ஒன்று வரும், கலீச்சி என்பார்கள், சுண்ணாம்பு இறுகிப் பாறை மாதிரி ஆனது. குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். ஒரு நாள் கழித்தும் இறங்காமல் நின்றால் அதோடு மல்லுக்கட்டாமல் வேறு இடம் பார்ப்பதே நல்லது. பாத்திக்கு மேல் மூன்று அங்குலம் மூடாக்கு போடுங்கள், மரச்சில்லு, காய்ந்த இலை, எதுவானாலும் சரி. மூடாக்கு இல்லாத பாத்தியை இந்த ஊரில் நான் பாத்தியாகவே கணக்கில் எடுப்பதில்லை.

அப்புறம் கூரையைப் பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால் ஏறத்தாழ 2,300 லிட்டர் தண்ணீர். வருடம் முழுக்கக் கணக்குப் போட்டால் 25,000 லிட்டர். பாதி ஜூலையிலிருந்து செப்டம்பர் வரையிலான கோடை மழையில் கொட்டும், மீதியில் பெரும்பகுதி குளிர்காலத்தில் மெதுவாகத் தூறும். தொட்டி வாங்கப் பணம் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம், கூரைத்தண்ணீர் விழும் இடத்திலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குத் திருப்புங்கள், மண்ணைவிட மலிவான தொட்டி கிடையாது. ஆனால் வீட்டு அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். துணி துவைத்த தண்ணீரைப் பழமரத்துக்கு விடலாம், சோப்பில் உப்பும் போரானும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்கறிக்கு மட்டும் அது வேண்டாம்.

குழாய்த் தண்ணீரிலும் உப்பு உண்டு. தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு வேருக்கு அருகிலேயே படிந்து இலை நுனி கருகும், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நாம் இன்னும் தெளிப்போம். இடைவெளி விட்டு, ஆழமாக இறங்கும்படி விடுங்கள். இதைவிட நல்ல வழி பானைப் பாசனம். மெருகு பூசாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, தட்டால் மூடிவிட்டால், மண் காயக் காய அது தானே கசிந்து கொடுக்கும். பானை கிடைக்காவிட்டால் மண் பூந்தொட்டியின் அடி ஓட்டையை அடைத்தும் செய்யலாம். ஜூனில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். விதை முளைக்க மட்டும் இது உதவாது, முளை வரும்வரை மேலாகத் தண்ணீர் விட்டாக வேண்டும்.

எதை எப்போது நடுவது என்பதில்தான் பலர் மனம் விட்டுப்போகிறார்கள். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை இங்கே பொற்காலம்: கீரை, கேரட், முள்ளங்கி, பட்டாணி, கொத்தமல்லி எல்லாம் வரும். தக்காளியை மார்ச் நடுவில் உறைபனி ஓய்ந்ததும் நட்டு ஜூனுக்குள் பறித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வெயிலில் பூ உதிர்ந்துவிடும், உரம் போட்டாலும் காய்க்காது. பிற்பகல் வெயில் விழும் மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டினால் இன்னும் சில வாரம் தாங்கும். கோடைக்கு நம் ஊர்க் காய்களே துணை: வெண்டை, காராமணி, தண்டுக்கீரை, கொடிப்பசலை. முருங்கை குளிரில் தரைவரை பட்டுப்போனாலும் வேர் பிழைத்திருந்தால் மறுபடி துளிர்க்கும்.

கோடை மழை தொடங்கியதும் டெப்பரி பயறு விதையுங்கள். இந்தப் பாலைவனத்தின் பழங்குடிகளான தொஹோனோ ஓதம் மக்கள் மழைவெள்ளம் பரவும் நிலத்தில் காலங்காலமாக விளைவித்த பயிர் இது, இரண்டு மூன்று நல்ல மழை போதும். தண்ணீர் அதிகமானால் கொடிதான் ஓடும், காய் பிடிக்காது. டூசானில் 1983-ல் தொடங்கிய நேட்டிவ் சீட்ஸ் சர்ச் என்ற அமைப்பு இப்படிப்பட்ட விதைகளைக் காத்து விற்கிறது.

கடைசியாக, வாசலில் நிற்கும் மெஸ்கீட் மரத்தை வெட்டிவிடாதீர்கள். சீமைக்கருவேலத்தின் உறவு என்பதால் நமக்குப் பார்த்ததுமே வெறுப்பு வரும், எனக்கும் வந்தது. ஆனால் இங்கே அது இந்த மண்ணின் மரம், வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும், அதன் மெல்லிய நிழலில் பாத்தி போட்டால் ஜூனிலும் கீரை தாக்குப்பிடிக்கும். காய் இனிக்கும். ஜூன் கடைசியில், மழைக்கு முன்பே, மரத்திலிருந்தே பறியுங்கள். நனைந்த காயிலும் தரையில் கிடந்த காயிலும் பூஞ்சை நஞ்சு சேரலாம். ஒவ்வொரு மரத்துக்கும் சுவை வேறு, ஒரு காயைக் கடித்துப் பார்த்துப் பிடித்திருந்தால் மட்டும் பறிக்கலாம். நன்றாகக் காய்ந்து, ஒடித்தால் சட்டென்று முறியும் பதத்தில் மிக்ஸியில் விட்டு விட்டு அடித்துச் சலித்தால் மாவு கிடைக்கும், விதை சல்லடையிலேயே நின்றுவிடும். சப்பாத்தி மாவில் நாலில் ஒரு பங்கு சேர்க்கலாம். பறித்து வைத்த பையில் சின்ன வண்டுகள் ஊர்ந்தால் பயப்படாதீர்கள், காய்க்குள்ளிருந்து வருபவைதான். அடுத்த முறை பறித்ததும் ஃப்ரீசரில் சில நாள் வைத்துவிட்டு அப்புறம் காய வையுங்கள்.