ஏலக்காய் ஒன்றே போதும்

போடியில் இருந்துகொண்டு வெப்சைட் தொடங்குகிறவர்கள் 'விவசாயம்' என்று பரந்து போகாதீர்கள், ஏலக்காய் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதிலேயே எழுதத் தீராத விஷயம் இருக்கிறது. வண்டன்மேட்டுத் தோட்டக்காரர் மழைக்காலத்தில் அழுகல் நோய் பற்றித் தேடி வருகிறார், 'மருந்து அடியுங்கள்' என்ற ஒரு வரி அவருக்கு எதற்கு? 1 சத போர்டோ கலவை என்கிற பூஞ்சைக்கொல்லிக்கு 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர், இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துத் துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும், இரும்புப் பாத்திரம் கூடாது என்பதுவரை எழுதி, உங்கள் தோட்டத்தில் நீங்களே எடுத்த படத்தையும் போடுங்கள். கூகுளும் 2022 டிசம்பரில் தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுகிறவர்களுக்கான தன் வழிகாட்டியில், எழுதுகிறவரின் நேரடி அனுபவத்தையும் சேர்த்துவிட்டது.

அப்புறம் விலை. புற்றடி, போடி ஏல மையங்களின் விலையைப் போட்டால் தேதி கட்டாயம், பழைய விலையை நம்பிக் காயை விற்றவர் உங்கள் பக்கம் திரும்பவே மாட்டார். தப்பாக எழுதியிருந்தால் சத்தமில்லாமல் மாற்றாமல், திருத்திய தேதியோடு குறிப்பிடுங்கள். கூகுளின் சர்ச் கன்சோல் என்கிற கருவி இலவசம்தான், எந்தச் சொல்லைத் தேடி வருகிறார்கள் என்று அதில் தெரியும், அடுத்து எழுத வேண்டியது அங்கேயே கிடைக்கும்.