ஃபாக் லைட் மினுக்குனா முதல்ல எர்த்த பாருங்க

பைக்குல வெளிய வாங்கி மாட்டுன எல்இடி ஃபாக் லைட்டு, ராணிப்பேட்டைல இருந்து வேலூர் வர்றப்போ ஹாரன் அடிச்சாலே மங்கும், குழில எறங்குனா மினுக்கும், மெக்கானிக் லைட்டே போச்சுன்னுட்டாரு. எனக்கு நம்பிக்கை இல்ல. மல்டிமீட்டர்ல பாத்தா பேட்டரில 12.6 வோல்ட், லைட் கனெக்டர்ல 10 கூட வரல. மீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் இன்னொன்ன லைட்டோட கருப்பு ஒயர்லயும் வச்சு லைட்ட போட்டேன், 2 வோல்ட்டுக்கு மேல காட்டுது, அங்க கிட்டத்தட்ட சைபர்தான் இருக்கணும். எர்த்த, அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்கு திரும்புற அந்த கருப்பு ஒயர, பெயிண்ட் அடிச்ச போல்ட்டுல முறுக்கி வச்சிருக்காங்க, துரு வேற, கரண்ட் எப்படி ஒழுங்கா போகும்! மைனஸுக்கே நேரா தனி ஒயர் இழுத்தேன், ஹெட்லைட்ல இருந்து திருடுன கரண்ட்டயும் வெட்டிட்டு ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்ட ஆன் பண்ற சுவிட்ச்) போட்டு பேட்டரில இருந்தே குடுத்தேன், மினுக்கல் நின்னுச்சு. ப்யூஸ மட்டும் பேட்டரிய ஒட்டியே போடுங்க, தள்ளிப் போட்டா நடுவுல ஒயர் உரசுனா பத்திக்கும்.