குடும்பப் புகைப்பட நூல்: திரையை நம்பிச் செய்யும் தவறுகள்

அறுபதாம் கல்யாணத்துக்கோ தாத்தாவின் நூற்றாண்டுக்கோ வீட்டிலுள்ள பழைய படங்களையும் கடிதங்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து ஒரு நூலாக்க விரும்புகிறவர்கள், இன்டிசைன், ஸ்கிரைபஸ் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைக் கொண்டு அதைத் தாங்களே செய்துவிடலாம். ஆனால் அச்சகத்திலிருந்து வந்த நூலைப் பிரித்ததும் முகம் வாடிப்போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். திரையில் தெரியும் பக்கத்தை யாரும் வெட்டுவதில்லை, மடிப்பதில்லை, பசையிட்டு ஒட்டுவதில்லை. தாளுக்கு இவை அனைத்தும் நேர்கின்றன. அதை மறந்துவிடுவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதல் தவறு, மென்பொருளைத் திறப்பதற்கு முன் அச்சகத்தைக் கேட்காதது. நூலின் அளவு, பைண்டிங் வகை, பக்க எண்ணிக்கை ஆகிய மூன்றும் முடிவாகாமல் ஒரு படத்தைக்கூடப் பக்கத்தில் வைக்கக் கூடாது. நடுவில் பின் அடிக்கும் நூலுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். ஃபாரக் கணக்கில், அதாவது ஒரு பெரிய தாளில் பல பக்கங்களை அச்சிட்டு மடிக்கும் முறையில், அச்சிடுபவர்கள் எட்டின் அல்லது பதினாறின் மடங்காகக் கேட்பார்கள். பக்கத்தின் விளிம்பு வரை செல்லும் படம், வெட்டும் கோட்டைத் தாண்டிப் பொதுவாக 3 மி.மீ. வெளியே நீண்டிருக்க வேண்டும். 210 மி.மீ. சதுரப் பக்கத்தை முழுவதும் நிறைக்கும் படம் உண்மையில் 216 மி.மீ. அளவுடையது. இந்த பிளீடு இல்லாவிட்டால், கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அதேபோல எழுத்துகளும் தலைகளும் வெட்டும் கோட்டிலிருந்து 8 அல்லது 10 மி.மீ. உள்ளே இருப்பது நல்லது.

நூலின் நடுமடிப்பு இதைவிடக் கொடியது. என் பெற்றோருக்காக நான் செய்த முதல் நூலில், முப்பது பேர் நிற்கும் குடும்பப் படத்தை இரண்டு பக்கங்களுக்கும் பரப்பி வைத்தேன். முதுகில் பசையிடும் பெர்ஃபெக்ட் பைண்டிங் நூல் முழுவதுமாக விரியாது என்பதை நான் யோசிக்கவில்லை. நடுவில் நின்ற சித்தியின் முகம் மடிப்புக்குள் போய்விட்டது. அந்தப் பக்கத்தை அவர் தடவிப் பார்த்தது இன்றும் எனக்கு வலிக்கிறது. தட்டையாக விரியும் ஆல்பம் பைண்டிங்காக இருந்தால் மட்டும் இரு பக்கப் படத்தைத் துணிந்து வைக்கலாம். அப்போதும் மடிப்பு விழும் இடத்தில் தூணோ சுவரோ வானமோ வருமாறு நகர்த்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தெளிவு பற்றிய தவறான கணக்கு. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான அளவு. உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் 1,600 பிக்சல் நீளத்துக்குச் சுருங்கி வந்திருந்தால், அது ஐந்தேகால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான அகலத்தைத்தான் தாங்கும். முழுப் பக்கத்துக்கு இழுத்தால் முகம் மங்கும். அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். இன்டிசைனில், வைத்த படங்களைப் பட்டியலிடும் லிங்க்ஸ் பேனலில் ‘ஆக்சுவல்’, ‘எஃபெக்டிவ்’ என இரண்டு எண்கள் தெரியும். படத்தைப் பக்கத்தில் பெரிதாக்கிய பின் மிஞ்சும் தெளிவைச் சொல்வது இரண்டாவது எண். அதைத்தான் பார்க்க வேண்டும். 4×6 அங்குலப் பழைய படத்தை 300-இல் ஸ்கேன் செய்து இரு மடங்காக்கினால் 150 ஆகிவிடும் என்பதால், 600-இல் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டுடியோவில் எடுத்த இரண்டு அங்குலப் படம் என்றால் 1,200 கூட அதிகமில்லை.

நினைவுப் பொருள்களை ஸ்கேன் செய்வது தனிக் கலை. செய்தித்தாள் நறுக்கிலும் பழைய அழைப்பிதழிலும் உள்ள படங்கள் பெரும்பாலும் நுண்புள்ளிகளால் அச்சிடப்பட்டவை. அவற்றை அப்படியே ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டால் வலைபோன்ற கோலம் எழும். ஸ்கேனரிலுள்ள டீஸ்கிரீன் வசதி அதைக் குறைக்கும். கடிதங்களைக் கறுப்பு வெள்ளையாக்கித் தாளின் பழுப்பை வெளுத்துவிடுபவர்கள் உண்டு. நான் அதை ஏற்க மாட்டேன். மடிப்பும் மைக்கறையும் அந்தக் கடிதத்தின் வயது. அவற்றை அழித்தால் எஞ்சுவது வெறும் வாசகம்தான்.

தமிழில் எழுதும்போது மென்பொருளே நம்மை ஏமாற்றக்கூடும். இன்டிசைனில் எழுத்துகளை வரிகளாக அடுக்கும் ‘கம்போசர்’ சாதாரண வகையாக இருக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்; பாராகிராஃப் பேனலின் மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் ஒழுங்காக இணையும். ஸ்கிரைபஸின் பழைய 1.4 வரிசை தமிழுக்கு உதவாது. 2024-இல் வெளியான 1.6 உதவும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கு விடும் வரி இடைவெளியைத் தமிழுக்கும் விட்டால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் விசிறியும் மோதிக்கொள்ளும். 10 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்துக்கு 15 புள்ளி வரி இடைவெளி எனக்குப் பிடித்த அளவு.

நிறத்தைப் பொறுத்தவரை, பட்டுப்புடவையின் கிளிப்பச்சையும் மயில்கழுத்து நீலமும் நான்கு மைகளில் திரையளவு ஒளிராது. ஆஃப்செட் அச்சுக்கு, அந்த நான்கு மைகளின் நிறமுறையான சிஎம்ஒய்கே கேட்பார்கள். போட்டோ பேப்பரில் பதிக்கும் ஆல்பத்துக்குப் பெரும்பாலும் திரைகளுக்கான நிறமுறையான எஸ்ஆர்ஜிபி போதும். எழுத்துகளின் கறுப்பு, கறுப்பு மையில் மட்டும் 100 விழுக்காடாக இருக்கட்டும். ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்ற கறுப்பைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தால் நான்கு மைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எழுத்து பிசிறும்.

ஒரே பக்கத்தில் பன்னிரண்டு படங்கள், அவற்றைச் சுற்றிப் பூக்கள், நிழல்கள், ஐந்து எழுத்துருக்கள் என்று நிறைப்பதையும் தவிர்க்க வேண்டும். அவ்வளவு அலங்காரத்துக்கு இடம் தேடுபவர்கள் படக்குறிப்புக்கு இடம் விடுவதில்லை. ‘அம்மாவும் பெரியம்மாவும்’ என்று எழுதினால் பேரக்குழந்தைகளுக்கு யார் யார் என்று தெரியாது. முழுப் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் வேண்டும். ஆண்டு உறுதியில்லாவிட்டால் ‘1970-களில்’ என்று எழுதுவதே நேர்மை.

படங்களை டெஸ்க்டாப்பிலும் பென்டிரைவிலும் சிதறவிட்டு வேலை செய்வதும் ஆபத்து. மென்பொருள் படத்தைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. அது இருக்கும் இடத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. தொடக்கத்திலேயே ஒரே கோப்புறையில் எல்லாவற்றையும் சேர்த்து, முடிந்ததும் இன்டிசைனில் ‘பேக்கேஜ்’, ஸ்கிரைபஸில் ‘கலெக்ட் ஃபார் அவுட்புட்’ கொடுத்து இரு இடங்களில் பாதுகாத்து வையுங்கள். அச்சகத்துக்கான பிடிஎஃப்பை அவர்கள் வேறுவிதமாகக் கேட்டாலொழிய, இரட்டைப் பக்கங்களாக இல்லாமல் தனித்தனிப் பக்கங்களாகவே அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் வீட்டு பிரின்டரில் உண்மையான அளவில் எடுத்து, மடித்து, பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் பெரியம்மா அந்தத் தாள்களைப் பேனாவுடன் இரண்டு நாள் வைத்திருந்து, ஏழு பெயர்களையும் ஒரு ஊரையும் திருத்தித் தந்தார்.