1-0 பேஸ்பால் ஆட்டத்தின் ஸ்கோர்ஷீட்டைப் படிப்பது எப்படி?

ஒரே ரன்னில் முடியும் பேஸ்பால் ஆட்டம் புதியவர்களுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்கோர்ஷீட் படிக்கப் பழக அதுதான் வசதி. தாளில் எழுதியிருப்பதே கொஞ்சம்தான். 1965 செப்டம்பர் 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ், சிகாகோ கப்ஸை 1-0 என வென்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். டாட்ஜர்ஸுக்கு சாண்டி கோஃபாக்ஸ், கப்ஸுக்கு பாப் ஹென்ட்லி. இருவருமே இடக்கை பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்).

படி 1: கடைசி மூன்று எண்கள்
இன்னிங்ஸ் கட்டங்கள் முடிந்ததும் ரன், ஹிட் (அடித்துப் பேஸை எட்டியது), எரர் (ஃபீல்டிங் தவறு) என்று மூன்று எண்கள் வரும். கப்ஸ் 0-0-1. டாட்ஜர்ஸ் 1-1-0. இரண்டு அணிக்கும் சேர்த்தே ஒரே ஒரு ஹிட்! அந்த ஹிட்டில்தான் ரன் வந்திருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

படி 2: இட எண்கள்
பிட்சர் 1, கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) 2, மூன்று பேஸ்மேன்கள் (ஓடுபவர் தொட வேண்டிய பேஸ்களைக் காப்பவர்கள்) 3, 4, 5, ஷார்ட்ஸ்டாப் (2-ஆம், 3-ஆம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) 6, வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. இது ஜெர்சி எண் இல்லை. 6-3 என்றிருந்தால் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினார் என்று பொருள்.

படி 3: 'கே' எத்தனை?
ஸ்ட்ரைக்அவுட்டுக்கு (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) 'கே' (ஆங்கில K) போடுவார்கள். மட்டையை வீசாமலே நின்று அவுட் ஆனால் அதைத் திருப்பிப் போடுவது வழக்கம். கோஃபாக்ஸின் கணக்கில் 14. கடைசி ஆறு பேரும் வரிசையாக 'கே'. மொத்தம் 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட். யாருமே முதல் பேஸைக்கூட எட்டவில்லை. இதுதான் பெர்ஃபெக்ட் கேம்.

படி 4: ரன் எப்படி வந்தது?
நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். டாட்ஜர்ஸின் ஐந்தாவது இன்னிங்ஸ், லூ ஜான்சனின் கட்டம். அதிலுள்ள வைர வடிவத்தின் நான்கு மூலைகளையும் (ஒவ்வொன்றும் ஒரு பேஸ்) வரிசையாகப் படியுங்கள். முதல் பேஸ்: வாக் (நான்கு தவறான பந்துகளால் கிடைத்த பேஸ்). இரண்டாவது: ரான் ஃபேர்லியின் சேக்ரிஃபைஸ் பண்ட் (தான் அவுட் ஆகி, ஓடுபவரை முன்னேற்றும் மெதுவான தட்டல்). மூன்றாவது: ஸ்டீல் (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது). அவரைப் பிடிக்க கேட்சர் கிறிஸ் கிரக் எறிந்த பந்து கைமீறி இடப்பக்க வெளிக்களத்துக்குப் போய்விட்டது. ஜான்சன் ஓடி வந்து ரன் எடுத்தார். நான்காவது மூலையில் 'ஈ-2', அதாவது கேட்சரின் எரர்.

ஆக, ஹிட்டே இல்லாமல் ஒரு ரன். அது எரரில் வந்ததால் ஆர்பிஐ (ரன் வரவைத்த அடிப்பவருக்கான கணக்கு) யாருக்கும் கிடையாது. ஹென்ட்லியின் கணக்கிலும் அது 'ஈட்டிய ரன்' (எரர் இல்லாமல் வந்த, பிட்சர் பொறுப்பாகும் ரன்) ஆகாது.

அப்புறம் அந்த ஒரே ஹிட்? ஏழாவது இன்னிங்ஸில் அதே ஜான்சன் அடித்த டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓடிய ஹிட்). அதில் ரன் வரவில்லை. ஆட்டம் முழுக்க பேஸில் நின்றவர் அவர் ஒருவர்தான்.

படி 5: தோற்றவரின் வரி
நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். ஹென்ட்லி: 8 இன்னிங்ஸ், 1 ஹிட், 1 ரன், ஈட்டியது 0, 1 வாக், 3 ஸ்ட்ரைக்அவுட். ஏன் 8? இரண்டாவதாக ஆடும் சொந்த மைதான அணியான டாட்ஜர்ஸ் முன்னிலையில் இருந்ததால் ஒன்பதாவதில் அவர்கள் ஆட வேண்டியதில்லை. மற்றபடி, இப்படி வீசித் தோற்பது கொடுமைதான்.

சரி, இனி நீங்களே ஒன்றைப் படித்துப் பாருங்கள். ஐந்தே நாளில் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் இதே இருவரும் மறுபடி மோதினார்கள். அன்று 2-1 என வென்றவர் ஹென்ட்லி.