கட்சி ஆட்சியும் துருவமயமாதலும்: ஆய்வேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் அரசியல் அறிவியல் முதுகலை மாணவர்களின் ஆய்வேட்டு வரைவுகளைப் படிக்கும்போதெல்லாம், என் பழைய பிழைகள் வேறு கையெழுத்தில் திரும்பி வருவதைக் காண்கிறேன். அடிக்குறிப்புக் குளறுபடிகளை வழிகாட்டியே திருத்திவிடுவார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கட்சிக் கட்டுப்பாட்டையே துருவமயமாதல் என்று கொள்வது

இதற்கு நான் ஓர் ஆண்டை இழந்தேன். மக்களவை வாக்கெடுப்புகளில் உறுப்பினர்கள் கட்சி வாரியாகப் பிரிந்து நிற்பதைக் காட்டி, நாடு முற்றிலும் துருவமயமாகிவிட்டது என்று எழுதியிருந்தேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர், "கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகும் என்னும்போது, அவர் மனத்தில் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது, தம்பி?" என்று கேட்டார். 1985-இல் 52-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பத்தாவது அட்டவணையை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டத்தை, நான் ஒரு வரியில் கடந்திருந்தேன். ஏட்டை முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. இப்போதும் அதே வாக்கியத்தை மாணவர் ஏட்டில் கண்டால் எரிச்சல் வருகிறது.

கட்டுப்பாடு ஒரு கட்சிக்குள் உள்ள ஒற்றுமை. துருவமயமாதல் இரு கட்சிகளுக்கு இடையே உள்ள தொலைவு. 1950-களின் பிரிட்டனில் கட்சிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தும், மக்கள்நல அரசு குறித்து இரு பெருங்கட்சிகளும் நெருங்கியே நின்றன. அமெரிக்காவிலோ, 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் செனட்டில் 73–27 என நிறைவேறியபோது, எதிர்த்த 27 பேரில் 21 பேர் அதை முன்னெடுத்த அதிபர் ஜான்சனின் சொந்த ஜனநாயகக் கட்சியினர். அதன்பின் பல பத்தாண்டுகளில் தென்மாநிலப் பழமைவாதிகள் குடியரசுக் கட்சிக்கு நகர்ந்ததால்தான் கட்சியும் கொள்கையும் ஒரே கோட்டில் வந்தன. அந்த நகர்வுக்கு எந்தக் கொறடாவும் ஆணையிடவில்லை.

1950-ஆம் ஆண்டு அறிக்கையைக் குற்றவாளியாக்குவது

அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் அமைத்த, ஷாட்ஷ்னைடர் தலைமையிலான குழு, தெளிவான செயல்திட்டமும் அதற்குப் பொறுப்பேற்கும் கட்டுக்கோப்பும் கொண்ட கட்சிகள் வேண்டும் என்று அந்த அறிக்கையில் பரிந்துரைத்தது. கட்சி ஆட்சி என்பது இதுதான். பின்னர் வந்த துருவமயமாதலுக்கு அந்த அறிக்கையே காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். பரிந்துரை வேறு, காரணம் வேறு.

இருகட்சிக் கோட்பாட்டைக் கூட்டணி அரசுகள்மேல் அப்படியே பொருத்துவது

வேண்டாம். ஒரே கட்சி ஆண்டு முழுப் பொறுப்பையும் ஏற்கும் என்று கொள்வது அக்கோட்பாடு; கூட்டணியில் அந்தப் பொறுப்பு பலருக்குப் பிரிகிறது.

உள்ளூர் நிகழ்வைப் பாதியில் நிறுத்துவது

1954-இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் காமராசரைப் பெரியார் ஆதரித்ததைச் சொல்லி, அக்காலத்தில் பகையே இல்லை என்று நம் பக்கத்து மாணவர்கள் முடித்துவிடுகிறார்கள். ராஜாஜியின் புதிய கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்துக் கடும் போராட்டம் நடந்து, அவர் பதவி விலகியபின் வந்த தேர்தல் அது. பகை இருக்கத்தான் செய்தது. அதன் கோடு கட்சிகளுக்கு இடையே மட்டும் ஓடாமல், காங்கிரசுக்கு உள்ளேயும் ஓடியது.