மழையில் நனைந்த பைக்குக்கு டேங்க்கைக் கழற்ற வேண்டாம்

பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டதோ என்று சந்தேகமா? டேங்க்கைக் கழற்றும் முன், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பக்கம் இருக்கும் பெட்ரோல் ட்யூபை உருவி, டேங்க்கின் அடியில் உள்ள பெட்ரோல் டேப்பை ரிசர்வில் திருப்பி, கால் லிட்டர் மட்டும் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அதற்கு முன் வண்டி சென்டர் ஸ்டாண்டில் பத்து நிமிடம் அசையாமல் நிற்கட்டும்.

பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அடியில் போய்த் தங்கிவிடும். ரிசர்வ் வாய் டேங்க்கின் அடிமட்டத்தை ஒட்டியே இருப்பதால் முதலில் வருவது அதுதான். பாட்டிலைச் சாய்த்தால் அடியில் தனி அடுக்காகத் தெரியும், கொஞ்சமாக இருந்தால் முத்து முத்தாக உருளும். தெளிந்த பெட்ரோல் வரும்வரை பிடித்தால் போதும், மிச்சப் பெட்ரோல் வீணாகாது. துருத்தூள் நிறைய வந்தால் மட்டும் டேங்க்கைக் கழற்றுங்கள்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இடம் திறந்தவெளியாக இருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். ஷெட்டுக்குள் தரையோடு தவழ்ந்து, தள்ளி எரியும் அடுப்பையும் எட்டிவிடும். வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. அப்புறம், காலி டேங்க்தானே என்று நேராக வெல்டிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு (கார்புரேட்டர் இல்லாமல் பம்ப் அழுத்தத்தில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) இது சரிவராது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். அதில் பம்ப் அழுத்தம் இருக்கும், ட்யூபை உருவினால் பீய்ச்சி அடிக்கும், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.