சும்மா பாஸாகும் விதியைப் பிடித்த விதம்

ஹட்டன் பக்கத்துத் தேயிலை பெக்டரி ஒன்றின் டிரையர் கட்டுப்பாட்டை மாடலாக எழுதி, நியூஎஸ்எம்வியில் (மாடலின் எல்லா நிலைகளிலும் ஒரு விதி பொருந்துகிறதா என்று பார்க்கும் மென்பொருள்) சோதித்தோம். ‘சூடு 110ஐத் தாண்டினால் டம்பர் என்றாவது மூடும்’ என்ற விதி (டம்பர் என்பது சூடான காற்றை அடைக்கும் தகடு) உடனே உண்மை என்று வந்தது, இவ்வளவு லேசாக வந்தால் எனக்குச் சந்தேகம்தான். 1997இலேயே ஐபிஎம் ஹைஃபா ஆய்வாளர்கள், புதிய ஹார்ட்வேர் டிசைனின் முதல் ஓட்டங்களில் பொதுவாக 20% விதிகள் இப்படிச் சும்மா, அதாவது எதையும் உண்மையில் சோதிக்காமலேயே, உண்மையாகின்றன என்று எழுதியிருக்கிறார்கள்.

விதியின் பின்பாதியைத் தூக்கிவிட்டு அங்கே ‘பொய்’ என்று போட்டு ஓட்டினேன். அப்போதும் உண்மை! அப்படியென்றால் சூடு 110ஐத் தாண்டும் நிலையே மாடலில் இல்லை. பார்த்தால், சூட்டு மாறியின் வரம்பு 0..100 என்று கிடக்கிறது. அதை 130 வரை நீட்டியதும் எதிருதாரணம் (விதி பொய்யாகும் ஒரு நிகழ்வு வரிசை) வந்து விழுந்தது: மேனுவல் சுவிட்ச் போட்டிருந்தால் டம்பர் மூடவே மூடாது.

அதைத் திருத்தியதும் “இனி ஓகேதானே அண்ணா?” என்றான் கூட வேலை செய்யும் தம்பி. சரி, ஆனால் ‘சூடு 110ஐத் தாண்டும் ஒரு வழியாவது உண்டு’ என்பதையும் தனி விதியாகச் சேர்க்கச் சொன்னேன், இல்லாவிட்டால் மறுபடியும் சும்மா பாஸாகிவிடலாம்.